போதும் என்னும் அளவுகோல்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மதிப்பெண் பட்டியல் எழுதினேன். மேல்நிலை வகுப்பில் முதல் பாடவேளையிலேயே கண்ணயரும் மாணவி ஒருத்தி இருந்தாள். வைகறையில் எழுந்து, தண்ணீர் சுமந்து, தம்பிமார்க்குச் சோறாக்கி வைத்துவிட்டு வருபவள் அவள். அவளுடைய உறக்கமின்மையைக் குறிக்க அப்பட்டியலில் இடமில்லை. குறைந்த மதிப்பெண்ணை மட்டும் குறித்தேன். எதை அளக்கின்றோமோ அதையே காண்கின்றோம் என்பதை அன்று நான் உணரவில்லை.

நாடுகளின் கணக்கும் இத்தகையதே. ஒரு நாடு முன்னேறியதா என்று வினவினால் மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் காட்டுகின்றனர். நோய் பெருகி மருந்து மிகுதியாக விற்றாலும் அத்தொகை உயரும். காட்டை வெட்டி மரத்தை விற்றாலும் உயரும். தாய் தன் இல்லத்தில் ஆற்றும் பணி அதில் சேராது. தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் வகுத்தளித்த சைமன் குஸ்னெட்ஸ் என்னும் பொருளியல் அறிஞரே, 1934ஆம் ஆண்டு அந்நாட்டுச் செனட் சபைக்கு அளித்த அறிக்கையில், வருமானத்தைக் கொண்டு மக்களின் நல்வாழ்வை அறிதல் அரிது என்று எச்சரித்தார்.

வேறோர் அளவுகோலைத் தேடிய நாடு, இமயமலைச் சாரலில் உள்ள பூட்டான். அதன் நான்காம் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக், நாட்டின் உற்பத்தியினும் மக்களின் மகிழ்ச்சியே பெரிது என்னும் கொள்கையை முன்வைத்தார். 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், மொத்தத் தேசிய மகிழ்ச்சிக்கு ஏற்ற சூழலை உருவாக்க முயல்வதை அரசின் நெறியாக்கியது. நிலப்பரப்பில் 60 விழுக்காடு என்றும் காடாகவே இருத்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கின்றது.

மகிழ்ச்சியை அளக்க இயலுமா என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் முகத்தின் சிரிப்பை அளக்கவில்லை. உளநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, சமூக உறவு, இயற்கைச் சூழல், வாழ்க்கைத் தரம் என ஒன்பது துறைகள். அவற்றுள் 33 குறியீடுகள். தேர்ந்தெடுத்த வீடுகளுக்குச் சென்று, முந்தைய நாளின் 24 மணி நேரமும் எவ்வாறு கழிந்தது என்று வினவுகின்றனர். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் அங்கே உழைப்பாகவே எண்ணப்படுகின்றன. உறக்கமும் ஒரு குறியீடு. அதற்கு எட்டு மணி நேரம் வகுத்துள்ளனர். என் மாணவியைப் போன்ற பெண்ணுக்கு அக்கணக்கில் இடமுண்டு.

இம்முறையில் நாம் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு குறியீட்டிற்கும் ‘இவ்வளவு போதும்’ என்னும் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. அவ்வெல்லைக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் மதிப்பு கூடாது. பத்து மடங்கு செல்வம் உடையவர் பத்து மடங்கு மகிழ்ந்தவராகக் கருதப்படுவதில்லை. செல்வத்தின் மிகுதி உறவின் குறைவை ஈடுசெய்வதும் இல்லை. மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்குரிய விரதமாகப் போற்றும் நமக்கு இது புதிய செய்தியன்று. தனிமனிதர் தம் உடைமைக்கு வகுத்துக்கொள்ளும் எல்லையை, ஒரு நாடு தன் கணக்கேட்டிலும் வகுத்திருப்பதே புதுமை.

2022ஆம் ஆண்டு 11,052 பேரிடம் எடுத்த கணக்கில், 48.1 விழுக்காட்டினரே மகிழ்ந்தோர் எனத் தெரியவந்தது. பெண்களின் நிலை ஆண்களினும் தாழ்ந்திருப்பதையும் அக்கணக்கு மறைக்கவில்லை. எஞ்சியோரை ‘இன்னும் மகிழ்ச்சி எய்தாதோர்’ என்றே வழங்குகின்றனர். ‘இன்னும்’ என்னும் அச்சொல்லில் அரசின் கடன் அடங்கியுள்ளது.

ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடுதல் வாய்மையன்று. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், நேபாளி மொழி பேசும் பூட்டான் மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டும் அஞ்சி வெளியேறியும் நேபாளத்து முகாம்களில் பல்லாண்டு வாடினர். பின்னர்ப் பெரும்பாலோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்ந்தனர். ஒன்பது துறைகளுள் எதிலும் அவர்தம் கண்ணீர் பதிவாகவில்லை. எவற்றை எண்ணுகின்றோம் என்பதோடு, எவரை எண்ணாது விட்டோம் என்பதையும் ஒவ்வொரு கணக்கிலும் கேட்டல் வேண்டும்.

பூட்டானின் முயற்சியால் 2011ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை மகிழ்ச்சியை வளர்ச்சியின் குறிக்கோளாக ஏற்றுத் தீர்மானம் இயற்றியது; மார்ச் 20 உலக மகிழ்ச்சி நாளாயிற்று. நாள் குறித்தல் எளிது. நம் இல்லங்களில் தொடங்குதலே அரிது.

இன்றிரவு வீடு திரும்பியதும், நம் வரவு செலவுக் கணக்கின் அருகே மூன்று வினாக்களை எழுதிக்கொள்வோம். நமக்குப் போதுமானது எவ்வளவு? நம் வீட்டில் போதிய உறக்கமின்றி உழைப்பவர் யார்? நாம் எண்ணாது விட்டவர் யார்? இவற்றிற்கு விடை தேடும் குடும்பங்கள் பெருகினால், நாட்டின் அளவுகோலும் ஒருநாள் மாறும்.