ஈரமும் உருகிய உலோகமும்

(திருச்செங்கோட்டில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் அலுமினிய வார்ப்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். உருகிய உலோகத்தில் ஈரமான பழைய துண்டைப் போட்டதும் அது வெடித்துச் சிதறி, அவர் கை வெந்துபோனது. பார்க்கப் போன என்னிடம், "தண்ணி ஆவியாத்தானே போகும்னு நெனச்சேன் சார்" என்றார். நான் நடத்திய பாடம்தான் அது. தவறில்லை, ஆனால் பாதிப் பாடம்.

மீதிப் பாதி இதுதான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டில் நீர் பட்டால், முதலில் இரண்டுக்கும் இடையே நீராவிப் படலம் உண்டாகிறது. நன்கு காய்ந்த தோசைக்கல்லில் நீர்த்துளி உருண்டோடுவதும் இதனால்தான். 1756இல் லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைப் பற்றி எழுதினார்.

படலம் இருக்கும்வரை வெப்பம் மெதுவாகவே கடக்கும். ஓர் அதிர்வில் அது குலைந்தால் நீர் உலோகத்தை நேராகத் தொடும். திடீரென விரியும் ஆவி உலோகத்தைத் துணுக்குகளாக உடைக்கும். துணுக்குகள் பெருகப் பெருக வெப்பம் கடக்கும் பரப்பும் பெருகும். இன்னும் ஆவி, இன்னும் உடைப்பு. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். நீர் ஆவியானால் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்காகும். ஈரம் உலோகத்துக்கு அடியில் சிக்கினால், அந்த ஆவி மேலே உள்ள உலோகத்தையே தூக்கி எறியும்.

இதில் கணக்குப் பாடமும் உண்டு. 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 600 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக்கினால் 10 லட்சம் துண்டுகள். மொத்தப் பரப்பு 60,000 சதுர செ.மீ. நூறு மடங்கு!

உருகிய பொருள் குளிர்விக்கும் திரவத்தில் விழுந்தால் எப்படி உடையும் என்பதைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அணுஉலைப் பாதுகாப்புக்காக ஆராய்கிறார்கள். 2010இல் ஐஸ்லாந்து எரிமலையின் குழம்பு பனியுருகிய நீரைச் சந்தித்தது. அதில் எழுந்த நுண்சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் நின்றன.

வகுப்பில் நெருப்புச் சோதனை வேண்டவே வேண்டாம். ஓர் அச்சு வெல்லத்தையும், அதே எடையுள்ள பொடித்த வெல்லத்தையும் நீரில் போடுங்கள். எது முதலில் கரைகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். பிறகு, கொதிக்கும் எண்ணெயிலும் உருகிய உலோகத்திலும் ஈரம் ஏன் கூடாது என்று கேளுங்கள்.

நம் பிள்ளைகள் பலர் நாளை பட்டறைக்குத்தான் போகிறார்கள். முழுப் பாடத்தையும் சொல்லி அனுப்புவோம்.