வகுப்பறையில் செய்தித்தாள்

(நமது கிளைக் கூட்டத்தில் வணிகவியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் அகத்துப் பிள்ளைகளில் பலர் பி.காம்., எம்.பி.ஏ. என்று வணிகப் படிப்பில் இருக்கிறார்கள். அவர்கள் வகுப்புக்குப் பாடநூலோடு செய்தித்தாளும் வரவேண்டும் என்பது என் அபிப்ராயம். பாடநூல், முடிவு தெரிந்த பிறகு எழுதப்படுவது. செய்தித்தாள், முடிவு தெரியாத நாளில் எழுதப்படுவது. நாளை உத்தியோகத்தில் இவர்கள் கையெழுத்துப் போடப்போவதும் முடிவு தெரியாத நாளில்தான்.

ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று செய்தி நறுக்குகள் போதும். ஆனால் ஒன்றைப் பேசி முடிக்கும் வரை அடுத்ததைக் காட்டக்கூடாது.

முதலாவது, 2008 செப்டம்பர். சிறந்த நிர்வாக நெறிக்காக சத்யத்துக்கு ‘கோல்டன் பீகாக்’ விருது. இதன் பங்கை வாங்கலாமா? மாணவர்கள் காரணத்தோடு எழுதட்டும்.

இரண்டாவது, 2008 டிசம்பர். தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தாரின் இரண்டு ‘மேடாஸ்’ நிறுவனங்களைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க, 16ஆம் தேதி டைரக்டர்கள் சம்மதித்தார்கள். முதலீட்டாளர்கள் எதிர்த்ததும் சில மணி நேரத்திலேயே திட்டம் கைவிடப்பட்டது. பணம் யாருடையது? லாபம் யாருக்கு? வெளி டைரக்டர்கள் என்ன கேட்டிருக்க வேண்டும்?

மூன்றாவது, 2009 ஜனவரி 7ஆம் தேதி ராஜு எழுதிய கடிதம். கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மையில் 2,112 கோடி. காட்டிய லாபம் 649 கோடி, உண்மையில் 61 கோடி. மாணவர்களையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வித்தியாசம் அதே 588 கோடி! ஏன்? பொய் வருமானத்துக்குச் செலவு கிடையாது. அத்தனையும் லாபமாக வந்து உட்கார்ந்துவிடும். இந்தக் கழித்தலைத் தானே செய்த மாணவன் இதை மறக்க மாட்டான்.

செய்தித்தாளில் வந்துவிட்டதாலேயே எல்லாம் வேதவாக்கு ஆகிவிடாது. அதற்கு அந்த முதல் நறுக்கே சாட்சி. ஆகவே நறுக்கில் தேதியும் பத்திரிகைப் பெயரும் குறித்து வைக்க வேண்டும். ஒரே செய்தியை இரண்டு பத்திரிகைகளில் படிக்க வேண்டும். எது தகவல், எது நிருபரின் கருத்து என்று பிரித்துக் கோடிட வேண்டும். கடைசியாக, கம்பெனியின் ஆண்டறிக்கையோடு ஒப்பிட வேண்டும்.

நறுக்கு பழையதாயிற்றே என்று தள்ளவும் வேண்டாம். 2013 கம்பெனிச் சட்டம் ஆடிட்டர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. அதன் அவசியம், சட்டப்பிரிவை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்று நறுக்குகளில் நன்றாக விளங்கும்.

நம் அங்கத்தினர்களில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகளும் ஆடிட்டர்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறீர்கள். அருகிலுள்ள கல்லூரியில் அனுமதி கேட்டு, மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கையில் நாலு நறுக்குகள் இருந்தால் போதும். பதிலை மட்டும் நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள்.