கரியும் கதிரும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



"இளைஞரும் உலக நலமும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். உலகம் பெரிது, எனக்குத் தரப்பட்ட நேரமோ சிறிது. ஆகவே ஒரேயொரு பெண்பிள்ளையின் வரலாற்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் வினிஷா உமாசங்கர். ஊர், தமிழ்நாட்டிலுள்ள திருவண்ணாமலை.

தமிழகத்துத் தெருக்களிலே தள்ளுவண்டியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் உடுப்புகளை மினுக்கிக் கொடுத்துப் பிழைப்போர் பலர். அப்பெட்டிக்குள் எரிவது மரக்கரி. காலை முதல் மாலை வரை தணலின் முன்னே நிற்பவர் அதன் புகையையும் நச்சு வாயுவையும் சுவாசிக்கிறார். கரி சுடுவதற்காக மரங்கள் வெட்டப்படுகின்றன. கரி எரியும்போது காபனீரொட்சைட்டு வானிலே கலக்கிறது. மிஞ்சிய சாம்பல் தெருவோரத்திலே கொட்டப்படுகிறது.

தம் தெருவில் ஒருவர் எரிந்த கரியைக் கொட்டியதை வினிஷா கண்டபோது அவருக்கு வயது 12. எத்தனையோ பேர் நாள்தோறும் கண்ட காட்சிதான் அது. ஆனால் இதற்கு மாற்று வழி என்னவென்று அந்தப் பிள்ளை ஆராய்ந்தார். வண்டியின் கூரையிலே சூரியப்படல்களைப் பொருத்தி, கிடைக்கும் மின்சாரத்தை மின்கலத்திலே சேமித்து, அதனால் நீராவி இஸ்திரிப் பெட்டியை இயக்குவதே அவர் கண்ட வழி. ஏறத்தாழ 5 மணி நேரத்து நல்ல வெயில் மின்கலத்தை நிரப்பும். நிரம்பிய மின்கலத்தால் 6 மணி நேரம் வேலை செய்யலாம். மழை நாளிலே வேறு மின்சாரத்தாலும் அதனை நிரப்பிக்கொள்ளலாம். வழிப்போக்கரின் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றிக் கொடுத்து, வண்டிக்காரர் மேலும் சில ரூபா சம்பாதிக்கவும் அவ்வண்டியில் இடம் வைத்தார். அவர் புகையை மாத்திரம் எண்ணவில்லை, புகைக்குள் நின்ற மனிதரின் வயிற்றையும் எண்ணினார் என்பதற்கு இதுவே சான்று.

இந்தியாவின் தேசியப் புத்தாக்க நிறுவனம் மாதிரி வண்டியைச் செய்ய முன்வந்தது. 2020ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் வழங்கப்படும் சிறுவர் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021இல் "ஏர்த்ஷொட்" பரிசுக்கு உலகெங்குமிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட 15 இறுதிப் போட்டியாளருள் அவரும் ஒருவர். அப்பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அவர் போட்டியிட்ட பிரிவிலே இந்தியாவின் "டக்காச்சார்" என்னும் முயற்சி வென்றது. ஆயினும் 2021 நவம்பர் 2ஆம் தேதி, கிளாஸ்கோ நகரிலே கூடிய ஐக்கிய நாடுகளின் காலநிலை மாநாட்டில், உலகத் தலைவர்கள் முன்னிலையில் அவர் பேசினார். அப்போது வயது 15. வெறும் வாக்குறுதிகளைக் கேட்டுக் கேட்டு எங்கள் தலைமுறை கோபங்கொண்டிருக்கிறது. ஆனால் கோபப்பட்டுக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, செயல் செய்யவே விரும்புகிறேன் என்பது அப்பேச்சின் சாரம்.

பெரியோர்களே! படிக்கிற பிள்ளைக்கு ஊர்க் காரியம் ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பிள்ளைக்கு ஊர்க் காரியமே படிப்பாயிற்று என்பதைத் தயவுடன் சிந்திக்க வேண்டுகிறேன். பாடசாலையிலே நாமும் சூரிய சக்தியைப் பற்றிப் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், அத்துடன் புத்தகத்தை மூடிவிட்டோம்.

நண்பர்களே! பரிசுகள் கிடைத்ததனால் கரி அணைந்துவிடவில்லை. கரிப்பெட்டி மலிவானது, சூரியப்படலுக்கும் மின்கலத்துக்கும் கைமுதல் வேண்டும். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்பவர் அதற்கு எங்கே போவார்? கண்டுபிடிப்பது ஒருவரால் ஆகலாம். அதனை ஏழையின் கைக்குக் கொண்டுசேர்ப்பதற்குக் கூட்டுறவுச் சங்கமும் குறைந்த வட்டிக் கடனும் அரசாங்கத்தின் ஆதரவும் வேண்டும்.

இது திருவண்ணாமலைக்கு மாத்திரம் உரிய செய்தியன்று. கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள சம்பூரை நினைத்துப் பாருங்கள். அங்கே 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் அமையவிருந்தது. 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் ஊர் திரும்பிய மக்கள் அதனை எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றத்திலும் வழக்கு நடந்தது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரல் 5ஆம் தேதி தொடக்க விழா நடந்தது. கரியின் இடத்துக்குக் கதிர் வந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதே ஆண்டில், சூரிய மின் திட்டத்துக்காகத் தம் வயல்கள் எடுக்கப்படுவதாக நம் மாவட்டத்து முத்துநகர் விவசாயிகள் போராடியதையும் நாம் அறிவோம். கதிர் தூயது என்பதற்காக, அதன் பேரால் நடக்கும் எல்லாம் நீதியாகிவிடாது. வண்டியைத் திட்டமிட்ட சிறுமி வண்டிக்காரரை மறக்கவில்லை. மின் நிலையத்தைத் திட்டமிடுவோர் உழவரை மறக்கலாமா?

2025 நவம்பரில் டித்வாப் புயல் வந்தபோது, மகாவலி பெருகி மூதூர், வெருகல் பகுதிகளை மூடியது. ஒரு புயலுக்கு ஒரே காரணம் கூறுவது விஞ்ஞானமன்று. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு கூடினால், அது ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு அதிகமான நீராவியைத் தாங்கும் என்பது விஞ்ஞானம். அதனாலே மழை கனக்கிறது. கடலுக்கும் களப்புக்கும் இடையே குடியிருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியன்று.

ஆகவே மன்றத்துக்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் களப்போரத்துக் கண்டல் மரங்களை விறகுக்காக வெட்டாமலும் குப்பை கொட்டிக் கெடுக்காமலும் காப்போம். அவை அலையின் வேகத்தைத் தணிப்பவை, மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில், காபனைச் சேற்றிலே சேமிப்பவை. இரண்டாவது, நம் ஊரிலே புகைக்குள் நின்று உழைப்பவர் யார் யார் என்று வரும் ஆண்டில் வீடு வீடாகச் சென்று கேட்டறிவோம். அவர்களிடம் கேட்டபின்பே அவர்களுக்கு எது உதவும் என்று யோசிப்போம்.

சாம்பல் என்னும் சொல் நம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அது பெயரளவில் நிற்கட்டும். நம் பிள்ளைகளின் நெஞ்சிலே படியாதிருக்கட்டும்.