நாய்க்குப் பயிற்சி: ஆளைத் தெரிந்து அமர்த்துங்கள்



உழவியல் வாத்தியாருக்கு நாய்ப் பேச்சு எதற்கு என்று எண்ண வேண்டாம். கேளம்பாக்கம், தையூர் பக்கம் வயல் பார்க்க வந்தால், விதை நேர்த்தி பேசி முடித்த கையோடு நீங்கள் கேட்பது இதைத்தான்: "நாய்க்குப் பயிற்சி கொடுக்க நல்ல ஆள் யாராவது இருக்காங்களா சார்?"

கேள்வியில் நியாயம் உண்டு. முன்பு களத்துமேட்டு நாய் யாரைப் பார்த்துப் பாய்ந்தாலும் கேட்பாரில்லை. இன்றோ வரப்புக்கு அடுத்தாற்போல் அடுக்குமாடி வீடு. அந்த வழியே பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். நாயால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும்படி அசட்டையாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

என் வீட்டு அனுபவத்தையே சொல்கிறேன். சிப்பிப்பாறை நாய் ஒன்றை ஒரு பயிற்றுநரிடம் ஒரு மாதம் விட்டோம். திரும்பி வந்தது, 'உட்கார்' என்றால் உட்கார்ந்தது, அவர் சொன்னால் மட்டும். நாங்கள் கையைத் தூக்கினாலே வாலை இடுக்கிக்கொண்டு சிறுநீர் விட்டது. முன்பெல்லாம் சோற்றுத் தட்டருகே போனால் உறுமும். அதை அடித்தே நிறுத்தியிருந்தார். நான்காம் நாள், சத்தமே இல்லாமல் என் தகப்பனார் கையைக் கவ்விவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம்.

உறுமல் என்பது நாய் தரும் எச்சரிக்கை. அடித்தால் எச்சரிக்கைதான் போகும்; அச்சம் போகாது. மஞ்சளான இலைக்குப் பச்சைச் சாயம் பூசினால் தழைச்சத்துக் குறை தீருமா?

ஆகவே முன்பணம் கொடுக்குமுன், அவர் பயிற்சி தரும் இடத்தில் அரைமணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். பார்க்கக் கூடாது என்றால் திரும்பிவிடுங்கள். அவரைக் கண்டதும் நாய்கள் ஓடி வருகின்றனவா, காதை மடக்கிப் பதுங்குகின்றனவா? கையில் இருப்பது கருவாட்டுத் துண்டா, கம்பா? முள் பட்டை, மின் அதிர்ச்சிப் பட்டை வைத்திருப்பவர் வேண்டவே வேண்டாம். "பத்தே நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவரும் அப்படியே. தடுப்பூசி அட்டையைக் கேட்பவர் பொறுப்பானவர்.

எல்லாவற்றிலும் முக்கியம், உங்களையும் வீட்டாரையும் உடன் வைத்துக்கொண்டு அவர் கற்பிக்க வேண்டும். நாளைக்குக் கயிறு உங்கள் கையில்தானே இருக்கப்போகிறது!

நாட்டு நாயின் குணமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்டவை. ஓடும் ஆட்டுக்குட்டியைக் கண்டால் துரத்துவது பிறவிக் குணம். அல்சேஷனுக்குச் சொல்லும் பாடத்தை அப்படியே இதற்குச் சொன்னால் நடக்காது.

குட்டி வாங்குகிறவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பிறந்த 3 முதல் 12 வாரத்திற்குள் ஆடு, மாடு, குழந்தைகள், பம்ப்செட் ஓசை எல்லாவற்றையும் பதமாகப் பழக்கிவிடுங்கள். அந்தப் பருவத்தில் பழகியதைக் கண்டு பின்னாளில் அது அவ்வளவாக மிரளாது.

சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் பயிற்றுநரைத் தேடாதீர்கள். காதுச் சீழோ மூட்டு வலியோ இருக்கலாம். முதலில் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே பிடிபடாவிட்டால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.