வாய் திறந்து படியுங்கள்



வகுப்பில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “ஜப்பானிய மொழி படிக்க எந்தச் செயலி நல்லது?” எந்தப் புத்தகம், எந்த ஒலிப்பதிவு என்று யாரும் கேட்பதில்லை. செயலிதான். கைப்பேசித் திரையில் ஒரு சொல் வரும், நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும், சரியென்றால் பச்சை. நூறு நாள் விடாமல் தொட்டால் பதக்கம். அந்த நூறு நாளில் வாய் திறந்து ஒரு வாக்கியம் முழுதாகச் சொன்னது எத்தனை நாள் என்று கேட்பேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குமுன் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக வேலை. இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: ஜப்பானிய மொழியை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரே பக்கத்தை, தினமும், உரக்க. ஹிரகனா, கதகனா எழுத்துகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

தமிழர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. இலக்கணம் நமக்கு ஏறக்குறைய இனாமாகக் கிடைத்துவிடுகிறது. ‘கினோ கித ஹிதொ’ என்றால் நேற்று, வந்த, ஆள். அதே வரிசை, சொல்லுக்குச் சொல். ‘தபெதெ’ என்றால் சாப்பிட்டு. ‘மிரு’ என்றால் பார். ‘தபெதெ மிரு’ என்றால்? சாப்பிட்டுப் பார்! அங்கேயும் கண்ணால் பார்ப்பதில்லை, முயன்று பார்ப்பதுதான். ‘தபெதெ ஷிமௌ’ என்றால் சாப்பிட்டுவிடுவது. வினையெச்சத்தோடு துணைவினை சேர்கிற இந்த அமைப்பில் ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள். நம் பிள்ளைகள் ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். கக்குஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ இரண்டு மொழிக்கும் உறவே உண்டென்று வாதாடினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படிப் போனாலும், வாக்கியம் கட்டுகிற பழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது.

அதனாலேயே நாம் ஏமாந்தும் போகிறோம். இலக்கணம் எளிதாக வந்தது, மொழியே வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். வாய் மட்டும் தமிழ் வாயாகவே இருந்துவிடுகிறது.

இப்போது மூன்று சொற்கள் சொல்கிறேன். காது கொடுத்துக் கேளுங்கள். கடந்த காலம்: ‘ககொ’. அதன் இரண்டாம் எழுத்தில் ‘கல்’ என்பதில் வருகிற க-வின் ஓசை. கூடை: ‘ககொ’. அதன் இரண்டாம் எழுத்தில் ‘தங்கம்’ என்பதில் வருகிற க-வின் ஓசை. அடைப்புக்குறி: ‘கக்கொ’. மூன்றும் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் மொழியில் சொல்லின் நடுவே ‘க’ தனியாக நின்றால் குழைந்துவிடும், இரட்டித்தால் வலிக்கும். தனியாக நின்றும் வலிக்கிற ‘க’ நம் நாக்குக்குப் பழக்கமே இல்லை. அதனால் கடந்த காலத்தைச் சொல்லப்போய் ஒன்று கூடையைச் சொல்கிறோம், இல்லையென்றால் அடைப்புக்குறியைச் சொல்கிறோம்.

ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்காதீர்கள் என்று முதல் நாளே சொல்வது இதற்காகத்தான். மறுபடியும் சொல்கிறேன்: தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள்.

என் மாணவர் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். நல்ல படிப்பாளி. ஒருநாள் குழாயின் வால்வைத் திறக்க வேண்டும் என்று ஜப்பானியப் பொறியாளரிடம் சொல்ல வேண்டியிருந்தது. திறப்பது ‘அகெரு’, கல்லில் வரும் க. உயர்த்துவதும் ‘அகெரு’தான், ஆனால் தங்கத்தில் வரும் க. அவர் வாயில் வந்தது தங்கம். பொறியாளர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, “எதை உயர்த்த வேண்டும்? எவ்வளவு?” என்று கேட்டிருக்கிறார். அழுத்தமா, வெப்பமா என்று அவருக்குக் குழப்பம். நல்லவேளையாக அவர் கேட்டுவிட்டுச் செய்கிற மனிதர். அந்த மாணவர் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ‘என் டூ’ நிலை தேறியவர். அதில் ‘என் ஃபைவ்’ முதல் ‘என் ஒன்’ வரை ஐந்து நிலை இருக்கிறது. எதிலும் பேச்சுத் தேர்வு இல்லை. விடைத்தாளில் வட்டத்தை நிரப்பினால் போதும். தேர்வைக் குறை சொல்லவில்லை. அது வாயைச் சோதிக்காது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்கிறேன்.

இனி எனக்கு மிகப் பிடித்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மசாவோ குனிஹிரோ. 1969-ல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது, ஜப்பானியத் தொலைக்காட்சியில் உடனுக்குடன் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர். விண்வெளியிலிருந்து கரகரவென்று வருகிற ஆங்கிலத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வாயில் ஜப்பானிய மொழியைத் தர வேண்டும். அப்படிப்பட்டவர் இளைஞர்களுக்குச் சொன்ன வழி என்ன? நடுநிலைப் பள்ளி ஆங்கிலப் பாடப்புத்தகத்தை எடு, பொருள் தெரிந்துகொள், பிறகு உரக்கப் படி. ஐந்நூறு முறை படி. பெரிய இலக்கியம் வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம். பள்ளிப் பிள்ளையின் பாடம் போதும்.

அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஷிகன் ரோதொகு’. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சோதோ ஜென் நெறியை ஜப்பானில் நிறுவிய தோகென் என்ற துறவி, ‘ஷிகன் தஸா’ என்றார். வேறு நோக்கமில்லாமல் உட்கார், உட்கார்வதே பயிற்சி என்று பொருள். குனிஹிரோ அதிலிருந்து ‘ஷிகன்’ என்ற சொல்லை எடுத்து ‘ரோதொகு’வோடு, அதாவது உரக்கப் படிப்பதோடு, சேர்த்துவிட்டார். வேறு நினைப்பில்லாமல் படி. மதிப்பெண் எவ்வளவு, பதக்கம் எத்தனை என்று எண்ணாமல் படி. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதை அவர் ஏற்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தெரிந்த பாடத்தைத்தான், தெரிந்தபிறகும், திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். ஜப்பானியர்கள் ஆங்கிலம் படிக்க அவர் சொன்ன இந்த வழியை நான் அப்படியே திருப்பி, நாம் ஜப்பானிய மொழி படிக்க வைத்துக்கொண்டேன். ஐந்நூறு என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு பக்கத்தை ஒருமுறை படிக்க இரண்டு நிமிடம். காலையில் பத்து, இரவில் பத்து. இருபத்தைந்தே நாள்.

இந்தப் பழக்கம் அவரோடு பிறந்ததும் இல்லை. ‘எடோ’ என்று அழைக்கப்படும் பழைய காலத்தில் ஜப்பானியச் சிறுவர்கள் சீனச் செவ்வியல் நூல்களை உரக்கப் படித்தே மனத்தில் ஏற்றினார்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆத்திசூடி சொன்னது போலத்தான். இன்றைக்கும் அங்கே தொடக்கப்பள்ளிகளில் ‘ஒன்தொகு’ என்று ஒரு வீட்டுப்பாடம் உண்டு. பிள்ளை பாடத்தை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டும். கேட்ட பெற்றோர் ஓர் அட்டையில் கையெழுத்தோ முத்திரையோ இட வேண்டும்.

யோகொஹாமாவில் நான் குடியிருந்த வீட்டுச் சுவர் மெல்லியது. அடுத்த வீட்டில் முதல் வகுப்புச் சிறுமி. சாயங்காலம் ஆறு மணிக்கு ‘ஓகினா கபு’, அதாவது பெரிய டர்னிப் கிழங்குக் கதை, ஆரம்பமாகும். தாத்தாவும் பாட்டியும் பேத்தியும் நாயும் பூனையும் எலியும் சேர்ந்து கிழங்கைப் பிடுங்குகிற ருஷ்ய நாட்டுக் கதை. அம்மாவின் வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்கும். நடுநடுவே அவர் ஒரு சொல்லைத் திருத்துவார். புத்தகம் பிள்ளை கையில். அவர் அடுப்பை விட்டு நகர்ந்த சத்தமே கேட்காது. காதாலேயே திருத்தினார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கூடவே மெல்லிய குரலில் சொல்வேன். வாரக்கணக்கில் அதே கதை. என் நாக்கு அங்கேதான் திருந்தியது.

எப்படிப் படிப்பது? மூன்று, நான்கு நாள் ஒலிப்பதிவை மட்டும் கேளுங்கள், கண் எழுத்தின்மேல் இருக்கட்டும். பிறகு ஒலியோடு சேர்ந்து படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ஒலிக்கு அரைச்சொல் பின்னால் நிழல்போல ஓடுங்கள். படிக்கும்போது தொடையில் தட்டுங்கள். இது முக்கியம். ஜப்பானிய மொழி தாளக் கணக்கில் ஓடுகிறது. நம் மாத்திரைக் கணக்குத் தெரிந்தவருக்கு உடனே விளங்கும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நம்மைப் போலவே. ஆனால் நாம் ஒற்றெழுத்துக்கு அரை மாத்திரைதான் கொடுக்கிறோம். அவர்கள் முழுதாக ஒன்று கொடுக்கிறார்கள். ‘கொன்னிசிவ’வில் ஐந்து தட்டு: கொ, ன், னி, சி, வ. நாம் ‘கொனிச்சிவா’ என்கிறோம். ‘ன்’னுக்கு உரிய தட்டைப் பிடுங்கி ‘ச்’சுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

கான்ஜி என்கிற சீன எழுத்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த பட்டியலில் 2136 இருக்கின்றன. அட்டை அட்டையாகத் தனி எழுத்தை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘உயிர்’ என்று பொருள்படும் ஒரே எழுத்து மாணவரைக் குறிக்கும் ‘கக்குசே’யில் ஒரு மாதிரி ஒலிக்கும், வாழ்வதைக் குறிக்கும் ‘இகிரு’வில் வேறு மாதிரி, பச்சை மீனுக்கு முன்னால் ‘நமா’ என்று. வாயில் சொல் இருந்தால் எழுத்து அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். கையால் எழுதிப் பழகுங்கள், அவ்வளவே சொல்வேன்.

நேரம் ஆகிவிட்டது. வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருக்கிறவர்கள் தொடையில் கை வையுங்கள். நான் சொல்லச் சொல்லக் கூடவே சொல்லுங்கள், வாய் திறந்து. கடந்த காலம், இரண்டு தட்டு: க, கொ. கல்லில் வரும் க. கூடை, இரண்டு தட்டு: க, கொ. தங்கத்தில் வரும் க. அடைப்புக்குறி, மூன்று தட்டு: க, அடுத்த தட்டில் ஓசை இல்லாமல் நில்லுங்கள், கொ. இன்னொரு முறை.