படி இருக்கு



"அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்கிறாய்?" என்று ஊரே என்னைக் கேட்கும். எங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டதைவிட முறைத்துக்கொண்டதுதான் அதிகம். அதையே பேசிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 2 வயதில் போலியோ. வலது கையைத் தொடையில் அழுத்தி ஊன்றினால்தான் அடுத்த அடி. அவர் புடவைகளெல்லாம் தொடைப் பக்கம்தான் முதலில் நையும். இன்னொரு கைக்கு என் தோள். பஸ் படியா, என் தோள். ரேஷன் கடைப் படியா, என் தோள். பாதி விளையாட்டில் கூப்பிடும் அந்தக் குரலை நான் வெறுத்திருக்கிறேன். கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று அவருக்கும் எரிச்சல். அந்தத் திட்டும் என் மேல்தான் விழும்.

2014 மார்ச் 27 அன்று, இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. டிவியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா, "போலியோ போயிடுச்சு, நான் எங்க போறது?" என்றார். நான் சிரிக்கவில்லை.

அந்த வருடம்தான் பெற்றோர் கூட்டத்துக்கு வர வேண்டாம் என்றேன். "மாடியிலம்மா, படி இருக்கு." என் வகுப்பு தரைத்தளத்தில் இருந்தது. பக்கத்து வீட்டில் சொல்லி அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் என் தோளைத் தொடாமல் சுவரைப் பிடித்தே நடந்தார்.

2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலி போக மரப்பாதை திறந்தார்கள். சென்னையிலேயே பிறந்த அம்மா, அதில் போன அன்றைக்குத்தான் அலையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார். "நீ கொஞ்ச நேரம் அப்படிப் போயிட்டு வாயேன்" என்றார். சுருக்கென்றது எனக்கு. சுண்டல் பொட்டலத்தோடு தள்ளி நின்றபோதுதான் உறைத்தது: தப்பித்து ஓட நினைத்தவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அந்தப் பாதையைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள்.

இப்போது அம்மாவிடம் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. எங்கே போகிறார் என்று சொல்வதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை. சண்டை தீரவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது.

உண்மையில் இங்கே பேச அழைப்பு அம்மாவுக்குத்தான் வந்தது. அதோ, மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இந்த மேடைக்கு ஐந்து படி. பழைய பொதுக் கட்டடங்களைச் சீராக்க 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்த அவகாசம் 2022லேயே முடிந்துவிட்டது. அமைப்பாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். படிகளை எண்ணிப் பார்த்துவிட்டு அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினார்:

"இந்தத் தடவை நெஜமாவே படி இருக்குடி. நீயே போய்ப் பேசு."