பதினொன்றைத் தாண்டினால் பன்னிரண்டு வருமா?

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று பல பக்கமிருந்தும் குடும்பத்தோடு வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, நாளைக்கு டெஸ்ட் இருந்தும் தைரியமாக வந்து உட்கார்ந்திருக்கிற மாணவச் செல்வங்களே! (கைதட்டல்)

மேல்நிலை வகுப்பு இயற்பியல் சுவையா, சுமையா? சுவை என்று பேச ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். "ஐயா, உங்களுக்கு ஃபிசிக்ஸ் தெரியுமா?" என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். அம்மா, எங்க வீட்டுல ரெண்டு பிள்ளைங்க சயின்ஸ் குரூப் படிச்சாங்க. அவங்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் கேள்வி கேட்டே எனக்குப் பாதிப் புத்தகம் மனப்பாடம். (சிரிப்பு)

அம்மையார் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். "பத்தாம் வகுப்பு அறிவியலில் 95 வாங்கின பிள்ளை, பிளஸ் ஒன் முதல் தேர்வில் இயற்பியலில் 41 வாங்குதே, அது சுமை இல்லையா?" வாங்குது. நான் மறுக்கல. ஏன் வாங்குதுன்னு பாத்தீங்களா?

பத்தாம் வகுப்பில் இயற்பியல் என்பது அறிவியல் என்கிற கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள். இங்கே தனிக்குடித்தனம். வருஷத்துக்குப் பதினோரு பாடம், ரெண்டு வருஷத்தில் இருபத்திரண்டு. ஆனால் பாடக்கணக்கு பெரிய விஷயமில்லை. பிளஸ் ஒன் இயற்பியலில் ரெண்டாவது பாடத்திலேயே வெக்டர் வந்துவிடுகிறது, நுண்கணிதம் வந்துவிடுகிறது. கணக்குப் புத்தகத்தில் வெக்டர் எட்டாவது பாடம், வகையீடு பத்தாவது பாடம். ரெண்டும் இரண்டாம் தொகுதியில்! குழம்பு அடுப்பில் கொதிக்குது, புளி தீபாவளிக்கு அப்புறம்தான் வரும்னா எப்படி? (சிரிப்பு) அந்தக் குழம்பு ருசிக்கலைன்னு பிள்ளையைத் திட்டாதீங்க. கணக்கு ஆசிரியரைக் கேட்டு ரெண்டு சனிக்கிழமை சைன், காஸ், வகையீடு மட்டும் முன்கூட்டிச் சொல்லித்தரச் சொல்லுங்க. அந்த 41 மெல்ல ஏறிடும்.

தேர்வு முறையில் பயப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்கு 70, செய்முறைக்கு 20, பள்ளியே தருகிற அகமதிப்பீடு 10. செய்முறையில்தான் எனக்கு ஒரு வருத்தம். தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கணும். வகுப்பில் அறுபது பிள்ளை. ஊசல் ஒரு மாதிரி ஆடுது, கடிகாரம் ஒரு மாதிரி ஓடுது, ஆனா அறுபது ரெக்கார்டு நோட்டிலும் விடை 9.8! (பலத்த சிரிப்பு) 9.6 வந்தால் 9.6 என்று எழுதுகிற பிள்ளைதான் இயற்பியல் படிக்கிறது.

"முதல் பாடமே அளவீடு, சப்பென்று இருக்கு" என்றார் எதிரணித் தம்பி. தம்பி, நீங்க பரங்கிமலை வழியாத்தானே வந்தீங்க? 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் அந்த மலைப் பக்கம்தான் நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார். ஒரு கோடு தெரிந்தால், கோணத்தை மட்டும் பார்த்து அடுத்த முக்கோணம், அதற்கடுத்த முக்கோணம் என்று போகலாம். அப்படியே இமயமலை வரைக்கும் போனார்கள். அந்த முக்கோண முறைதான் பிளஸ் ஒன்னில் முதல் பாடம். நம்ம தெருவில் நடந்த பாடம் சப்பென்று இருக்கா? (கைதட்டல்)

இப்போது உண்மையான சுமைக்கு வருகிறேன். சில தனியார் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் தாண்டிப்போய், ரெண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்தார்கள். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் இயற்பியலுக்கு 50. அதற்குப் பிளஸ் டூ மார்க்தானே பார்க்கிறார்கள் என்று பெற்றோரும் சும்மா இருந்தோம். இதைத் தடுக்கவும்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அரசு அதை விலக்கிக்கொண்டது. பிள்ளைகள் மூச்சு விடட்டும், நல்லதுதான். ஆனால் காவல்காரர் போய்விட்டார் என்று பழைய வழக்கம் திரும்பி வந்தால் என்ன ஆகும்?

பிளஸ் டூ முதல் பாடத்தில் கூலூம் விதி. ரெண்டு மின்னூட்டம், இடையில் தூரம், தூரத்தின் இருமடி கீழே. பிளஸ் ஒன்னில் நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் புரிந்து படித்த பிள்ளை, "அட, நிறை இருந்த இடத்தில் மின்னூட்டம்!" என்று சிரிக்கும். தாண்டி வந்த பிள்ளை மந்திரம் மாதிரி உருப்போடும்.

நம்ம மின்சார ரயிலையே பாருங்க. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியபோது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1960-களின் கடைசியில் அதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றினார்கள். வோல்ட் கூடினால் அதே திறனுக்குக் கம்பியில் மின்னோட்டம் குறையும், வெப்பமாக வீணாவதும் குறையும். ரயிலுக்குள்ளே வோல்ட்டை இறக்க மின்மாற்றி வேண்டும், அது மாறுமின்னோட்டத்தில்தான் வேலை செய்யும். இது பிளஸ் டூவில் நாலாவது பாடம். ஆனால் வினாடிக்கு 50 முறை இப்படியும் அப்படியும் ஆடுகிற அந்த ஆட்டத்தின் கணக்கு எங்கே இருக்கு? பிளஸ் ஒன் பத்தாவது பாடம், அலைவுகள். அந்த ஸ்டேஷனில் நிற்காமல் தாம்பரம் வர வழியில்லைங்க. (கைதட்டல்)

நீட் தேர்வில் இயற்பியலுக்கு 45 கேள்வி, 180 மார்க். கேட்பது ரெண்டு வருஷத்துப் பாடமும்.

அதனால தாய்மார்களே, "எத்தனை மார்க்?" என்று மட்டும் கேட்காமல், "பிளஸ் ஒன்னில் இப்ப எந்தப் பாடம் நடக்குது?" என்றும் கேளுங்க. ஆகஸ்டிலேயே கூலூம் விதி நடக்குதுன்னு பிள்ளை சொன்னா, மறுநாளே பள்ளிக்கூடம் போங்க. அப்புறம், முழுப்பரீட்சை முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க. பிளஸ் டூ முடிகிற வரைக்கும் அது மேசைமேலேயே இருக்கட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (கைதட்டல்)